இடது கன்னம்

"கைய எடு நைனா!" என்று பானுப்பிரியா கத்துவதற்குள், அப்பா தேவராஜ் தன் படத்தின் இடது கன்னத்தைக் கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டிருந்தார்.

வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் சாப்பாட்டுப் பை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. சுவரோரம் சாய்த்துவைத்த பலகையில், கரியால் அவள் வரைந்த அவர் முகம்.

"கண்ணுக்குக் கீய அய்க்கா கீது. தொடச்சி உட்டேன்."

"அது நிழல் நைனா."

"ஊட்டுக்குள்ள ஏதுடி நெயலு? வெயிலே வர மாட்டங்குது."

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். கடைந்தெடுத்த எந்த இரும்பையும் கட்டைவிரலால் தடவிப் பிசிறு பார்க்காமல் கீழே வைக்கமாட்டார். வீட்டிலும் அதே பழக்கம்தான். புதுத் தட்டு, தக்காளி, மகளின் மார்க் ஷீட் எல்லாவற்றின் மேலும் அந்த விரல் ஒரு முறை போய் வரும்.

வேலப்பன்சாவடிப் பக்கம் அவள் படிக்கும் கல்லூரியில், ஒரே முகத்தை இரண்டு விதமாக வரைந்துவரச் சொல்லியிருந்தார்கள். ஒன்று தாளில், ஒன்று டேப்லெட்டில். டேப்லெட் படம் முடிந்துவிட்டது. அதை வரைந்தபோதும் அவர் விரல் சும்மா இருக்கவில்லை. நெற்றியில் ஒரு பச்சைக் கோடு விழுந்தது. அவள் இரண்டு விரலால் தட்டினாள், கோடு மறைந்துவிட்டது. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். "எங்க மிசின்ல இப்டி ஒண்ணு இருந்தா எம்மாம் இரும்பு மிச்சம்!"

இப்போதும் அதைத்தான் கேட்டார். "அதே மாரி ரெண்டு வெரல்ல தட்டேன்."

"இது பேப்பர். தட்டினா வராது."

"சரி, சாய்ங்காலம் வந்து திரும்ப உக்கார்றேன். போட்டுக்கோ. மூஞ்சி எங்க போயிடப் போவுது?"

கட்டைவிரலில் ஒட்டிய கரியைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே படியிறங்கினார்.

மதியம் கம்பெனியிலிருந்து போன் வந்தது. மிஷின் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

பேனருக்குப் போட்டோ கேட்டு சித்தப்பா ஜெகதீசன் வந்து நின்றார். கல்யாண ஆல்பத்தையும் கம்பெனி அடையாள அட்டையையும் விட்டால் வேறு படம் இல்லை. "கோட்டு சூட்டுல தலைய ஒட்டித் தரேன்னு கடைக்காரன் சொல்றான். இன்னா சொல்ற?"

அவள் டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள். கம்பெனியின் நீலச் சட்டை, மேல் பட்டன் போடாத கழுத்து. சித்தப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். "பேசப் போற மாரியே கீதேம்மா," என்றவர் அழுதுகொண்டே வெளியே போனார். இருட்டுவதற்குள் தெருமுனையில் அப்பா நீலச் சட்டையில் நின்றார்.

ஐஸ் பெட்டிக்கு இடம் வேண்டுமென்று கட்டிலையும் டிவியையும் வெளியே எடுத்தார்கள். ஒருவர் கை பலகையை நோக்கிப் போனது.

"அதத் தொடாதீங்க!"

அதுவரை அழாதவள் போட்ட சத்தத்தில் கூடமே திரும்பியது.

"அப்பன் கெடக்கறான், உனக்கு அட்டை பெருசா பூட்ச்சா?" என்றாள் பூங்காவனம் அத்தை, அப்பாவின் அக்கா. பானு இந்த ஓவியப் படிப்பில் சேர்ந்த நாளில், "பொட்டப்புள்ளைய பொம்ம போட அனுப்பறியேடா," என்று தம்பியை வாசலில் நிறுத்திக் கேட்டவள். "பொம்ம இல்லக்கா, மூஞ்சி," என்று அப்பா சிரித்தார். அடுத்த மாதமே டேப்லெட் வாங்கி வந்தார்.

"அந்தக் கன்னத்துல நைனா கை வெச்சார் அத்தே. கரி உதிராம இருக்க ஸ்ப்ரே அடிக்கணும், இன்னும் அடிக்கல. யார் கை பட்டாலும் அழிஞ்சிடும்."

அந்த நேரம் வாசலில் மேளம் எழுந்தது. அத்தைக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

மறுநாள் பகலில் எடுத்தார்கள். பெண்கள் தெருமுனைவரைதான் போகலாம். அம்மாவைத் தாங்கிப் பிடித்தபடி பானு பேனருக்கடியில் நின்றாள். வண்டி திரும்பி மறைந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பிணம் தெருவைத் தாண்டியதும் வீட்டைக் கழுவிவிடுவார்கள். அம்மாவைச் சித்தியிடம் விட்டுவிட்டு ஓடினாள்.

வாசற்படியிலேயே தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. உள்ளே அக்கம்பக்கத்துப் பெண்கள் பக்கெட் பக்கெட்டாக ஊற்றித் துடைப்பத்தால் தள்ளினார்கள். பூவும் அரிசியும் மிதந்துவந்தன. பலகை இருந்த சுவர் முழங்கால் உயரத்துக்கு நனைந்திருந்தது. பலகை இல்லை.

"இங்க வாடி!"

சமையலறை வாசலில், கணுக்கால் தண்ணீரில் அத்தை நின்றிருந்தாள். கொதிக்கும் பாத்திரத்தைப் பிடிப்பதுபோல் பலகையின் இரண்டு ஓரங்களை மட்டும் விரல்நுனியால் பிடித்து, உடம்பில் படாமல் முன்னால் நீட்டியிருந்தாள்.

"இவளுங்க பக்கெட்ட தூக்கினாளுங்க. இத எங்க வெக்கறதுன்னு எனக்கு இன்னா தெரியும்? சீக்கிரம் வாங்கு, கை உட்டுப்போது."

"நீ முனைக்கு வரலையா அத்தே?"

"நான் வந்தா இத எவ பாத்துக்குவா? மூஞ்சில படல. ஓரத்ததான் புடிச்சிகினு கீறேன்."

கூடப்பிறந்தவனின் வண்டி முனை திரும்பியதை அத்தை பார்க்கவில்லை. பானு எதிரே கைகளை நீட்டினாள். அதே ஓரங்களைப் பிடித்துப் பலகையை வாங்கிக்கொண்டாள்.

மொட்டைமாடியில் காற்று படாத மூலையாகப் பார்த்து அத்தையே பலகையைப் பிடித்துக்கொண்டாள். பானு ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கினாள்.

"மூக்கப் பொத்திக்கோ."

"இருடி. கண்ணுக்குக் கீய வெளுப்பா இஸ்துகினு போயிருக்கே. அத சரி பண்ணலையா?"

"வேணாம் அத்தே."

அத்தை படத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடையை நோக்கிச் சாய்ந்து இறங்கியிருந்தது அந்த இழுப்பு. பிறகு முகத்தைத் திருப்பி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். பானு மேலிருந்து கீழாக மெதுவாக அடித்தாள். காயட்டும் என்று இருவரும் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தார்கள். அண்ணனூர்ப் பக்கம் ஒரு ரயில் போனது.

"காஞ்சிட்ச்சா?"

"காஞ்சிருக்கும்."

அத்தை கையை நீட்டி, கட்டைவிரலால் அந்த இடது கன்னத்தை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை தடவினாள். விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள்.

ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.