நாலாவது கேள்வி

"உன் புருஷன் பேர் இன்னா?"

அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் கை நின்றது. எதிரே முக்காலியில் ஆபீசர் மாதிரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தவர் என் புருஷன்தான். தன் பேரைத் தானே என்னிடம் கேட்டுவிட்டு பதிலுக்குக் காத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கத்துவார் என்று அடக்கிக்கொண்டேன்.

"சொல்லு மே. இது நாலாவது கேள்வி. இதுலயே நின்னுட்டா அஞ்சாவதுக்கு எப்டிப் போறது?"

திருவள்ளூர் ஆஸ்பத்திரி ஒன்றில் மருத்துவச்சிப் பயிற்சிக்குப் பெண்களை எடுக்கிறார்கள், வியாழக்கிழமை நேரில் வா என்று கார்டு வந்ததிலிருந்து மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பொன்னேரியில் ஒரு ரைஸ் மில்லில் பெல்ட் அவருடைய வலது கையில் மூன்று விரலைக் கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அதோடு அந்த வேலையும் போயிற்று. நான் நடவுக்குப் போய்க் கொண்டுவருவதில்தான் இரண்டு பேர் வயிறும் நனைந்தது. நடவும் முடிந்துவிட்டது. நான் எட்டாவது தேறியவள், அந்தச் சர்ட்டிபிகேட்டை டிரங்குப் பெட்டியிலிருந்து தேடி எடுத்தவரும் அவர்தான். இந்த இடம் கிடைத்தால் பிழைத்தோம். இல்லையென்றால் ஊரைவிட்டுப் பட்டணத்துப் பிளாட்பாரம்தான் என்பது இரண்டு பேருக்குமே தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கேள்விகளை எழுதிக்கொடுத்தது இவருடைய சிநேகிதர் ஜெயராஜ். மூன்று இண்டர்வியூவுக்குப் போய் மூன்றிலும் தோற்றுவிட்டு வந்தவர். "அத்தினி கேள்வியும் எனுக்கு மனப்பாடம்பா அரசப்பா, பதிலுதான் ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிப் பதினோரு கேள்வி எழுதினார். நல்லதாய்ப் போயிற்று, என் புருஷன் பேர் ஜெயராஜ் வாயால் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அந்த வேலை மிச்சம். குளத்தங்கரையில் பிள்ளையார் எந்த மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாரோ, அதைக்கூட நான் 'பிள்ளையார் மரம்' என்றுதான் சொல்வேன். சர்க்காருக்கு இன்னொரு பேர் இருக்கிறதே, அதுவும் என் வாயில் வராது.

மற்றக் கேள்விகளெல்லாம் தண்ணீர் பட்ட பாடாகிவிட்டன. கிணற்றடியில் கேட்பார், சோறு போடும்போது கேட்பார், பாதி வாய்ச் சோற்றோடு கேட்பார். "ஏன் இந்த வேலைக்கு வர்றே?" "ஊட்டை உட்டு ஆஸ்டல்ல தங்குவியா?" "ரத்தத்தைப் பாத்தா பயமா?" அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் நான் யோசிக்காமல் பதில் சொன்னேன். அவர் கையை ஒரு மாதம் கட்டுப் பிரித்துக் கட்டியவள் நான். நாலாவதில் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

"அட, சொன்னா நான் செத்தா பூடுவேன்?" என்று புதன்கிழமை கத்தினார். "எழுதியானும் காட்டு."

"எழுதினாலும் அதானே?"

"உன்னோட பெரிய பேஜாரா கீது!"

அவரிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. போன வருஷம் ஓட்டர் லிஸ்ட் எழுத வந்தவர் வாசலில் நின்று விடாப்பிடியாகக் கேட்டபோது, தொலையட்டும் என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். கல்யாணமான ஆறு வருஷத்தில் அந்த ஒரு தடவைதான். அடுத்த வாரம் பெல்ட் கையை இழுத்தது. பைத்தியக்காரி என்று நீங்கள் சொல்லலாம். பகலில் நானும் என்னை அப்படித்தான் திட்டிக்கொள்வேன். ஆனால் விரலோடு விட்டது, இன்னொரு தடவை சொன்னால் ஆளையே கேட்கும் என்ற பயம் போகவே இல்லை.

வியாழக்கிழமை செங்குன்றத்தில் பஸ் மாறித் திருவள்ளூர் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் கேள்விதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் முப்பது பெண்களுக்குக் குறையாது, எடுப்பது எட்டுப் பேரை. ஜன்னலுக்குக் கீழே இருந்த பெஞ்சில் அவரை உட்காரவைத்துவிட்டு, என் முறை வந்ததும் உள்ளே போனேன்.

மேஜைக்குப் பின்னால் ஒரு டாக்டரம்மாவும், மூக்குக்கண்ணாடி போட்ட குமாஸ்தா ஒருவரும். என் பேர் பூவம்மாள் என்றேன். ஊர் சொன்னேன். படிப்பு சொன்னேன். ஜெயராஜ் எழுதிக்கொடுத்த வரிசை அப்படியே வந்தது, புண்ணியவான்.

"கணவர் பேர்?"

தலையைக் குனிந்துகொண்டேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. மேஜைக் காலில் ஓர் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது, அதையே பார்த்தேன். குமாஸ்தா பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார். என் முகம் வேர்த்துக் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது.

குமாஸ்தா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உட்டுட்டுப் போயிட்டாராம்மா?" என்றார்.

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் டாக்டரம்மா முன்னால் சாய்ந்து, "அழாதே. கைவிடப்பட்டவங்களுக்குன்னு தனியா ஒரு இடம் வச்சிருக்கோம். அதுக்கு இன்னும் யாரும் வரலை" என்றார்.

வாயை மூடிக்கொண்டேன்.

முதலில் பேசாமல் நின்றது பயத்தால். இரண்டாவது தடவை அப்படியில்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். பேனா கீழே இறங்கி எழுதுகிற சத்தம் கேட்டது. ஜன்னல் திறந்திருந்தது. வெளியே பெஞ்சு கிறீச்சிட்டது.

"திங்கக்கெழமை சேர்ந்துடு" என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்தால் பெஞ்சில் அவர் இல்லை. பேரைச் சொல்லாமலே கொண்டுபோய்விட்டதா? வராந்தா முழுக்கத் தேடிவிட்டு ரோட்டுக்கு ஓடினேன். எதிர்ப்பக்கம் ஒரு சைக்கிள் கடை ஓரமாக, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நான் பக்கத்தில் போனதும் இரண்டு அடி தள்ளி நின்றார்.

"இன்னாங்க... நான் ஒண்ணும்..."

"கிட்ட வராதே மே. குமாஸ்தா சாப்பாட்டுக்கு வெளிய வர்ற நேரம்." குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "எடம் கெடச்சிட்ச்சி இல்ல? அது போதும்."

"நான் போய் நெசத்தைச் சொல்லிடறேன்."

"சொல்லிட்டு? இன்னா துன்றது?"

செங்குன்றம் பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. நான் பின்னால் ஏறினேன். அவர் முன்பக்கம் போய் ஏறி, தனியாக ஒரு டிக்கெட் வாங்கினார். பஸ் ஊரைத் தாண்டிய பிறகுதான் எழுந்து வந்து எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடி இல்லாத ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"எப்போ உட்டுட்டுப் போனான்னு அங்க கேப்பாங்க. கை போறதுக்கு முந்தியா, பின்னாடியா?"

நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லு மே" என்றார். சட்டைக் காலருக்கு மேலே அவர் பிடரி வேர்வையில் நனைந்திருந்தது. காற்றில் முடி பறந்து பறந்து அதில் ஒட்டிக்கொண்டது.