பதின்மூன்றாவது பிரதி

லேமினேஷன் செய்த தாளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நடந்தால் 'கரக் கரக்' என்று சத்தம் வரும் என்று எந்தத் தரநிலையிலும் எழுதப்படவில்லை. எழுதியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். எங்கள் தொழிற்சாலையின் ஆவணப் பொறுப்பாளன் நான்தான். 'முத்திரை' என்பது பட்டப்பெயர். என் சிவப்பு முத்திரை விழாத காகிதம் இந்த வளாகத்தில் கழிப்பறைக்குக்கூடப் போகக் கூடாது என்று ஒருமுறை கூட்டத்தில் முழங்கினேன். அதற்குச் சக ஊழியர்கள் தந்த பரிசு அது.

வெளியிலிருந்து வந்த தணிக்கையாளர் அம்மா எனக்கு நாலடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். திடீரென்று நின்று திரும்பினார்.

"என்ன சத்தம்?"

"ஷூ மேடம். புதுசு."

அவர் குனிந்து பார்த்தார். என் ஷூவின் முனை வாயைப் பிளந்துகொண்டு அவரையே பார்த்தது. பிறகு திரும்பி நடந்தார். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு மடியில் இருந்தது ஒரே ஒரு தாள். அதற்கே முதுகு முழுக்க வேர்த்துவிட்டது.

ஒரு நிமிஷத்துக்கு முன்னால் நடந்தது இதுதான். எங்கள் கம்பெனியில் மருத்துவமனை ஆக்சிஜன் சிலிண்டரின் தலையில் பொருத்தும் வால்வு செய்கிறோம். ஒவ்வொரு வால்வையும் காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கிப் பிடிப்பார்கள். குமிழி வந்தால் குப்பை, வராவிட்டால் பெட்டி. அந்தச் சோதனை மேசையின் அழுத்தமானியை அம்மா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே கம்பியில் ஒரு தாள் பளபளவென்று தொங்கியது. 'பிடித்திருக்கும் நேரம்: முப்பது வினாடி.'

பழைய பதிப்பு. புதிய பதிப்பில் இரண்டு நிமிஷம். அவர் நிமிர்வதற்குள் தாள் என் வயிற்றில் இருந்தது.

தரநிலை வானத்திலிருந்து விழுவதில்லை. வால்வு செய்பவர்கள், மருத்துவமனைக்காரர்கள், சோதனைக்கூடக்காரர்கள் எல்லாரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து மூன்று வருஷம் சண்டை போடுவார்கள். வரைவு வரும், ஆளாளுக்குக் கருத்து எழுதுவார்கள், குழு ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதும், கடைசியில் ஓட்டெடுப்பு. இந்த விஷயத்தில் மருத்துவமனைக்காரர்கள் ஐந்து நிமிஷம் கேட்டார்கள். வால்வுக்காரர்கள் ஒரு நிமிஷமே அதிகம் என்றார்கள். சந்தைப் பேரம் மாதிரி இழுத்து இரண்டில் படிந்தது. எங்கள் கம்பெனியும் கருத்து அனுப்பியது, 'முப்பது வினாடி போதும்' என்று. தட்டச்சு செய்தவன் அடியேன். 'ஏற்கப்படவில்லை. மெல்லிய கசிவு ஒரு நிமிஷத்துக்குப் பிறகே தெரிகிறது' என்று குழுவின் பதில் வந்தது.

புதிய பதிப்பு போன மாதம் முதல் தேதி அமலுக்கு வந்தது. அன்று நான் புலி. பழைய பதிப்பின் பன்னிரண்டு பிரதிகளையும் பதிவேட்டைப் பார்த்துத் தேடிப் பிடித்து, கையெழுத்து வாங்கி, எந்திரத்தில் போட்டு நறுக்கினேன். சோதனைப் பிரிவுக்குத் தந்த புதுப் பிரதியை மேற்பார்வையாளர் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். பத்திரமாகப் பூட்டிய எதையும் யாரும் படிப்பதில்லை.

வயிற்றில் இருந்தது பதின்மூன்றாவது. அதற்கு முத்திரை கிடையாது, எண் கிடையாது. போன வருஷம் சோதனை மேசையில் இருந்தவர், "தாளெல்லாம் எண்ணெயில ஊறிப்போகுது, எழுத்தே தெரியல" என்று புலம்பினார். நான் மனமிரங்கி ஒரு நகல் எடுத்து, லேமினேஷன் செய்து, ஓட்டை போட்டு, கம்பியில் மாட்டியும் விட்டேன். உதவி செய்த சந்தோஷத்தில் பதிவேட்டை மறந்தேன். அப்படிப் புலம்பியவர் வேறு யாருமில்லை, என் தங்கச்சி புருஷன்.

அவரை இங்கே ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டதும் நான்தான். இந்த வெள்ளிக்கிழமை அவருடைய நிரந்தரக் கடிதம் வர வேண்டும். தங்கச்சி நாள் தவறாமல் போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தத் தாள் அம்மாவின் கையில் சிக்கினால் கடிதம் வராது.

சாப்பாட்டு மணி அடித்ததும் அம்மாவைக் கூட்ட அறையில் விட்டுவிட்டுச் சோதனை மேசைக்கு ஓடினேன்.

"மாப்ள, போன வாரத்து நானூத்தி எம்பது வால்வையும் எத்தன வினாடி புடிச்சீங்க?"

"முப்பது. ஏன் மச்சான்? தாள்ல அதானே இருக்கு?"

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம. வாட்ச்ச வச்சுல்ல புடிச்சேன்!" அவர் முகத்தில் பெருமை வேறு.

சட்டையைத் தூக்கித் தாளைக் காட்டினேன். "இப்ப ரெண்டு நிமிஷம் மாப்ள. மாத்திட்டாங்க. வகுப்பு நடந்துச்சே?"

"வகுப்பு நிரந்தர ஆளுங்களுக்கு மட்டும்னு சொல்லிட்டாங்க. எங்களுக்கு வாத்தியாரே இந்தத் தாளுதான்."

புதிய பதிப்புக்குப் பிறகு செய்த முதல் சரக்கு அது; அந்த நானூற்று எண்பதும் வாசலில் நின்ற லாரியில் ஏறியிருந்தன. என் முத்திரை விழுந்த சான்றிதழ் கைக்குப் போனதும் இரண்டரை மணிக்கு வண்டி கிளம்பும். எனக்கு ஒரே ஒரு யோசனைதான் வந்தது. தாளைக் கிழிக்க முயன்றேன். கிழியவில்லை. பல்லால் கடித்தேன். லேமினேஷனை அவ்வளவு நன்றாகச் செய்திருந்தேன்.

"பிளாஸ்டிக்க திங்காத மச்சான்," என்றார் அவர். "மொதல்ல ஒரு பெட்டிய எறக்கு." தாளைத் திரும்பச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

லாரி ஓட்டுநர், "ஏத்தினத எறக்கறதும் எறக்கினத ஏத்தறதும்தான் இங்க பொழப்பா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு பெட்டியைத் தள்ளிவிட்டார். உள்ளே பன்னிரண்டு வால்வு. மேசையில் ஒரு தடவைக்கு நான்கு பொருத்தலாம்.

முதல் நான்கு. முப்பது வினாடியில் ஒன்றுமில்லை. ஒரு நிமிஷத்திலும் ஒன்றுமில்லை. இரண்டு நிமிஷம் இவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தண்ணீர் அசையவில்லை.

"பாத்தீங்களா? நம்ம வால்வு தங்கம்," என்றேன்.

"இன்னும் எட்டு இருக்கு."

அடுத்த நான்கும் சுத்தம். எனக்கு மூச்சு வந்தது. கம்பெனி அனுப்பிய கருத்து சரிதான், குழுவுக்குத்தான் வேலையில்லை என்றுகூட நினைத்துவிட்டேன். கடைசி நான்கைப் பொருத்தினார். முப்பது. அறுபது. தொண்ணூறு. நூறாவது வினாடியில் மூன்றாவது வால்வின் கழுத்தில் கடுகளவு ஒரு முத்து.

"அது ஏற்கெனவே ஒட்டிக்கிட்டிருந்த காத்தா இருக்கும்," என்றேன்.

அவர் விரலை விட்டு அதைத் துடைத்தார். இருவரும் தொட்டிக்குள் தலையை விடாத குறை. அதே இடத்தில் மறுபடி ஒன்று மெல்ல உப்பி, தயங்கி, மேலே கிளம்பியது.

அவர் அந்த வால்வைக் கழற்றித் தனியாக வைத்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மச்சான், இது யாரோ ஒருத்தர் தலமாட்டுல இருக்கப் போவுது."

"ம்."

"நான் வண்டிகிட்ட நிக்கறேன். நீ மேனேஜர்கிட்ட போ. நான்தான் தாளச் சரியா பாக்கலன்னு சொல்லிடு."

"பாத்ததாலதானே மாப்ள வம்பே!"

மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டார். முதலில் கதவைச் சாத்தினார்.

"அந்தம்மா மூணு மணிக்குக் கெளம்பிடுவாங்க. அதுவரைக்கும் வாயத் தொறக்காத. வண்டி போகட்டும். நாளைக்குக் காலைல ஏதாவது சாக்கு சொல்லித் திருப்பி வாங்கிக்கலாம்."

"அதுக்குள்ள மாட்டிட்டாங்கன்னா சார்?"

"ஒரு நாள்ல என்னய்யா ஆயிடும்? பன்னண்டுல ஒண்ணுதானே? குத்து."

சான்றிதழை என் பக்கம் தள்ளினார். முத்திரையை மை அட்டையில் அழுத்தி எடுத்தேன். என் கை இதைப் பதினொரு வருஷமாகச் செய்கிறது, மூளையைக் கேட்பதில்லை. குனிந்தபோது வயிற்றில் தாள் குத்தியது. பன்னிரண்டில் ஒன்று என்றால் நானூற்று எண்பதில் நாற்பது. நாற்பது கட்டில். எனக்குக் கணக்கு வராது என்று பள்ளியில் எல்லாரும் சொன்னார்கள். அன்று பார்த்து வந்து தொலைத்தது.

"கொஞ்சம் வெளிய போய்ட்டு வந்துடறேன் சார்."

"இப்ப எங்கய்யா?"

"அவசரம்."

கழிப்பறைக்கு என்று நினைத்திருப்பார். நான் போனது கூட்ட அறைக்கு. அம்மா தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சட்டையைத் தூக்கித் தாளை உருவி அவர் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"ஷூ இல்ல மேடம். இதுதான்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு தாளை முன்னும் பின்னும் திருப்பினார். "முத்திரை இல்லையே?"

"இல்ல."

"பதிவேட்டுல பன்னண்டுதான் இருந்துது."

"இது பதிமூணாவது. நான்தான் கொடுத்தேன். எண்ணெய் படாம இருக்கட்டும்னு."

"சரக்கு?"

"வாசல்ல, லாரியில. வண்டி முன்னாடி டெஸ்டர் நிக்கறார்."

ஜன்னல் வழியாகப் பார்த்தார். நிற்கவில்லை. லாரியின் முன் சக்கரத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து மாப்பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஓட்டுநர் பக்கத்தில் குத்துக்காலிட்டுப் பங்கு வாங்கிக்கொண்டிருந்தார்.

"இருபது வருஷமா தாள் பாக்கறேன்," என்றார் அம்மா. "வயித்துலேருந்து எடுத்துக் காட்டினவர் நீங்க ஒருத்தர்தான்." சிரித்தார் என்று நம்பி நானும் சிரித்தேன். அவர் பேனாவைத் திறந்து 'பெரும் குறைபாடு' என்று எழுத ஆரம்பித்தார்.

வண்டி நின்றது. ஆனால் அன்றைய வேலை முடியவில்லை. குறைபாட்டு அறிக்கையில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்ப வேண்டியது ஆவணப் பொறுப்பாளன். மேனேஜர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். கழுத்தில் அவர் மூச்சுப் பட்டது.

"டெஸ்டரின் கவனக்குறைவுன்னு எழுது. ஒப்பந்த ஆளு, அனுப்பிட்டா முடிஞ்சுது. உன் வேலயும் தப்பும். தங்கச்சி புருஷன்னு பாக்காத."

நான் எழுதினேன்: 'பதிவேட்டில் இல்லாத பிரதியை ஆவணப் பொறுப்பாளரே கொடுத்தார். புதிய பதிப்பைப் பற்றிய பயிற்சி ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அளிக்கப்படவில்லை.'

முதல் வாக்கியத்தைப் படித்தபோது அவர் தலையாட்டினார். இரண்டாவது அவரைப் பற்றியது; வகுப்பு யாருக்கு என்று முடிவு செய்தவர் அவர்தான். மேசையைத் தட்டினார்.

"முத்திரைய இங்க வை."

வைத்தேன்.

"நாளையிலேருந்து பேக்கிங்."

நானூற்று எண்பதையும் திரும்ப முக்கிப் பார்த்ததில் முப்பத்தொன்று கசிந்தன. வெள்ளிக்கிழமை கடிதம் வரவில்லை. அன்று முழுக்கத் தங்கச்சியின் போனை நான் எடுக்கவில்லை. திங்கட்கிழமை வந்தது. மறுப்பதற்கு என்ன காரணம் சொல்வது என்று மூன்று நாள் தேடியிருப்பார்கள். எழுத்தில் ஒன்றும் கிடைத்திருக்காது.

மாப்பிள்ளை கடிதத்தோடு பேக்கிங் பகுதிக்கு வந்தார். நான் கையில் ஒட்டிக்கொண்ட பசைநாடாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நன்றி சொல்லுவார் என்று பார்த்தேன். முகம் கடுகடுவென்று இருந்தது.

"உன்ன யாரு அப்படி எழுதச் சொன்னா? உன் முத்திரை போனத வீட்டுல நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது? நீயே சொல்லிக்க உன் தங்கச்சிகிட்ட."

"என்னன்னு சொல்ல?"

அவர் என் விரலைப் பிடித்துப் பசைநாடாவைப் பிய்த்தெடுத்தார். நாலு முடியும் கூடவே வந்தது.

"இனிமே நான் முக்கிப் பாத்துச் சரின்னு சொன்னாத்தான் உங்கண்ணனால ஒரு பெட்டிய மூட முடியும்னு சொல்லு."