நாற்காலிக்கு மேலே ஓர் ஆந்தை

அந்தத் தெருப் பல் டாக்டருக்குப் பல்லைவிடப் பறவை மேல்தான் பிரியம் என்பது ஊரறிந்த விஷயம். வருஷத்துக்கு ஒரு முறை கிளினிக்கைப் பூட்டிவிட்டு, கைக்குழந்தை கனம் கனக்கும் கேமரா லென்ஸோடு விமானம் ஏறிவிடுவார். பல்வலிக்காரர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடக்க வேண்டியதுதான். போய்வந்ததற்குச் சாட்சியாகக் காத்திருப்பு அறைச் சுவரெல்லாம் அவர் எடுத்த படங்கள், பென்குவினும் ஃபிளமிங்கோவும்.

ஆனால் ராஜ மரியாதை ஆந்தைக்குத்தான். அதன் இடம் நாற்காலிக்கு நேர் மேலே, கூரையில். சாய்ந்து படுத்து வாயைத் திறந்தவருக்கு வேறெதையும் பார்க்க வழி கிடையாது. சிறகு இரண்டையும் விசிறியாக விரித்து, தலையைத் தாழ்த்தி, மஞ்சள் கண்ணால் உற்றுப் பார்க்கும்.

"எங்கேயோ ஒரு புல்வெளியில, என்னைப் பார்த்ததும் வாங்கன்னு சிறகை விரிச்சுது. அலகை டக் டக்னு தட்டி ஏதோ பேசவும் செஞ்சுது" என்பார் டாக்டர். நாலு வருஷமாக ஒருவரும் மறுத்ததில்லை. எப்படி மறுப்பார்கள்? வாயில் பஞ்சு.

இப்போது நூலகத்தில் புகைப்படக் கண்காட்சி வரப்போகிறது. வாசலுக்கு எதிர்ச்சுவர் முழுதும் ஒரே படத்துக்கு. 'வரவேற்பு' என்ற பெயரோடு ஆந்தை அங்கே ஏறப்போவதாகப் பேச்சு. தவறினால் அந்தச் சுவர் மருந்துக்கடைக்காரரின் கரடிப் படத்துக்குப் போய்விடும். அந்தக் கரடி கார் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து எடுத்தது என்பதை டாக்டர் சொல்லாத ஆள் தெருவில் பாக்கியில்லை.

இந்த நேரத்தில்தான் மிருக ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி கடைவாய்ப்பல்லை அடைக்க வந்தாள். ஆந்தைக் கதை ஓடியது. அவள் புருவத்தை உயர்த்தினாள். டாக்டர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். ஆ, ஆ என்றாள், இன்னும் உற்சாகமானார். கொப்பளித்துத் துப்பிய பிறகுதான் அவளுக்குப் பேச வாய்த்தது.

"அது வாங்கன்னு சொல்லல டாக்டர். கிட்ட வராதேங்குது. அடிபட்ட ஆந்தையைத் தூக்கப் போனா எங்கிட்டயும் இப்படித்தான் நிக்கும். பயம்."

"என்னம்மா, எவ்வளவு கம்பீரமா நிக்குது..."

"பக்கத்துல குஞ்சு இருந்துச்சா? இல்லேன்னா பறந்து போயிருக்குமே."

"குஞ்செல்லாம் ஒண்ணும் இல்ல."

கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தார் டாக்டரின் மனைவி. கிளினிக்கில் உதவியாள், வெளிநாட்டில் லென்ஸ் சுமப்பவர், எல்லாம் அவர்தான். திரும்பாமலே சொன்னார்: "போதும் வாங்கன்னு அப்பவே மூணு தடவை கூப்பிட்டேன். யார் கேட்டா?"

மதியம் டாக்டர் டிபன் பாக்ஸைத் திறக்காமல் கம்ப்யூட்டரைத் திறந்தார். கூரைப் படத்தின் வெட்டாத மூலப்பிரதி அதில் இருந்தது. இடது ஓரம், கீழே ஒரு வெள்ளைத் திட்டு. கண்ணை உறுத்துகிறதென்று அவரே வெட்டியெறிந்த திட்டு. இப்போது பெரிதாக்கிப் பார்த்தார். திட்டுக்குக் கண் இருந்தது. அதன் பின்னால் இன்னொரு திட்டு.

பிறகு தாயின் கண்ணைப் பார்த்தார். ஊசியைக் கையில் எடுத்ததும் நாற்காலியில் தெரியும் அதே கண். இருபது வருஷமாகத் தினம் பத்துப் பேரிடம் பார்ப்பதுதான். ஆந்தையிடம் இருந்தபோது அடையாளம் தெரியாமல் போயிற்று.

"இதை முழுசா அனுப்பினா சுவர் போயிடும்" என்றார்.

"போகும். கரடி வந்து உக்காந்துக்கும்" என்ற மனைவி, அவர் டிபன் பாக்ஸைத் திறந்து முன்னால் தள்ளினார். "அதுக்காக சாப்பிடாம இருப்பீங்களா?"

முழுசாகவே அனுப்பினார். பெயர்: 'நான் கிட்டப் போனபோது.' கண்காட்சிக்காரர் உடனே போன் போட்டார். "என்ன டாக்டர், ஓரத்துல ஏதோ அழுக்கு மாதிரி இருக்கே?"

"அழுக்கு இல்லைங்க. குஞ்சு."

கரடி எதிர்ச்சுவரில் ஏறியது. ஆந்தைக்குக் குடை வைக்கிற மூலைதான் கிடைத்தது. மருந்துக்கடைக்காரர் நேரில் வந்து அரை மணி நேரம் ஆறுதல் சொன்னார். டாக்டர் கார் கண்ணாடியைப் பற்றி மூச்சு விடவில்லை. உடம்புக்கு ஏதாவதோ என்று தெருவே கவலைப்பட்டது.

கூரையிலும் இப்போது முழுப் படம்தான். கதை நின்றுவிட்டது. அடுத்த வாரம் ஒரு பெரியவர் மேலே பார்த்தபடி ஆ, ஆ என்றார். டாக்டர் கையை எடுத்தார், பஞ்சை எடுத்தார், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லுங்க. என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல டாக்டர்" என்றார் பெரியவர். "வலிக்குது."