தாடியின் விதி

கணினிக்குப் புரியும்படி சொற்களின் பொருளைப் பிசிறில்லாமல் வரையறுப்பது அவள் வேலை. அந்த மாதம் அவள் தலையில் விழுந்த சொல் 'நம்பிக்கை'. நம்புகிறவர், நம்பப்படுகிறவர், ஏமாந்தால் நேரும் இழப்பு என்று கட்டங்கள் போட்டு, அம்புக்குறிகளால் இணைத்திருந்தாள்.

அதில் ஒரு விதியைச் சொருகினார் பக்கத்து மேசைக்காரர். நெஞ்சு வரை இறங்கிய தாடியால் அலுவலகமே அவரைத் 'தாடி' என்றுதான் அழைத்தது. நீங்கள் ஒருவரை நம்பி, அவர் இன்னொருவரை நம்பினால், அந்த இன்னொருவரையும் நீங்கள் நம்புகிறீர்கள். இதுதான் விதி.

"இது தப்பு," என்றாள்.

"தப்புன்னு காட்டுங்க, எடுத்துடறேன்."

"என் மேல உங்களுக்கு நம்பிக்கை இருக்கா?"

"அதுல என்ன சந்தேகம்?"

"நான் என் வீட்டுக்காரரை நம்பறேன். அவர் தன் தம்பிய ரொம்ப நம்பறார். அந்தத் தம்பி இப்பத்தான் சலூன் திறந்திருக்கான். உங்க விதிப்படி, சாயங்காலம் உங்க தாடிய அவன்கிட்ட குடுக்கணும்."

தாடியின் கை தானாக மோவாய்க்குப் போனது. சுற்றிலும் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். "வரேன்," என்றார்.

சலூனில் பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. "ஓரம் மட்டும் தட்டிடறேன் சார்," என்றான் கொழுந்தன். இடது பக்கம் குறைந்துவிட்டது. சரிசெய்ய வலதைக் குறைத்தான். பிறகு மறுபடி இடது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

"மொத்தமா எடுத்துடுப்பா," என்றார் தாடி, ஈனசுரத்தில். உள்ளேயிருந்து கன்னக்குழியோடு ஒரு பச்சைப்பிள்ளை முகம் வெளிப்பட்டது.

அவளைக் கூட்டிப்போக வந்த கணவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"நீங்க தம்பிய நம்பறீங்கல்ல? அடுத்து நீங்க உக்காருங்க," என்றார் தாடி.

"வீட்டுச் சாவியக் குடுப்பேன், வண்டியக் குடுப்பேன். தலையக் குடுன்னா எப்படிங்க?"

"எந்த விஷயத்துல நம்பறோம்? அந்தக் கட்டத்த விட்டுட்டோமே!" தாடி துள்ளி எழுந்தார். "விதிய எடுத்துடறேன்."

அவளுக்கு வெற்றிதான். ஆனால் கொழுந்தன் நிமிராமல் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தான். அவள் சிரிப்பு அடங்கியது. போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வேணாம் அண்ணி."

"உங்க அண்ணன் சொல்லி உக்காரல. நானா உக்காந்தேன். அவசரப்படாம வெட்டு."

அவசரப்படாமல்தான் வெட்டினான். ஒரு பக்கம் சற்று ஏறித்தான் போனது. அவள் கண்ணாடியில் பார்த்துத் தலையாட்டினாள்.

மறுநாள் காலை அலுவலக வாசலில் ஒரே சத்தம். அடையாள அட்டைப் படத்துக்கும் ஆளுக்கும் சம்பந்தமேயில்லை என்று காவலாளி தாடியை உள்ளே விடவில்லை.

"இவர் எங்க ஆள்தான்," என்றாள் அவள்.

"நீங்க சொல்றீங்க, உங்கள நம்பி விடறேன் மேடம்."

உள்ளே நுழைந்ததும் கன்னக்குழி விழச் சிரித்தார் தாடி. "பாத்தீங்களா? விதி வேலை செய்யுது!"