தண்ணீர்த் தொட்டியின் குறுக்குக் கம்பிகள்

கிருஷ்ணம்மாவுக்கு ஐயாசாமிக் கங்காணி மேல் சந்தேகம் வராத நாளே கிடையாது. பாலில் தண்ணீர் கலந்திருந்தால் அவன்தான். அரிசி குறைந்தால் அவன்தான். லயத்து வீடுகளில் ஒரு கோழி காணாமல் போனாலும் அவன் வீட்டு அடுப்படிப் பக்கம்தான் முதலில் மூக்கை நீட்டுவாள்.

சாஆ என்கிற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவள் ஆயா. தாய்மார்கள் பால்மரம் வெட்டி ரப்பர்பால் எடுக்கப் போனதும் பிள்ளைகள் அவளுடைய கொட்டகைக்கு வந்துவிடும். வாய் கொஞ்சம் நீளம்தான்; ஆனால் அந்த வாய் இல்லாவிட்டால் கொட்டகையில் என்ன நடந்திருக்கும்? தூளி கட்டும் மரத்தைக் கரையான் தின்றபோதுகூட, கங்காணியைத் தினமும் வழிமறித்துக் கத்தித்தான், தார் பூசிய இரும்புச் சட்டமாகவே வாங்கிப் போட்டாள்.

கொட்டகைக்கு எதிரே, நாலு இரும்புக் கால்களின் மேல் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி நின்றது. கால்களுக்கு நடுவே பெருக்கல் குறி போலக் குறுக்குக் கம்பிகள். ஒரு நாள் துணி காயப்போட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். கொட்டகைப் பக்கம் மட்டும் கம்பிகளைக் காணோம்.

"ஏன் கங்காணி, கம்பியெல்லாம் எங்க போச்சு?"

"எந்தக் கம்பி? தொட்டி கால்ல நிக்குது, கம்பியிலயா தொங்குது? போய்ப் புள்ளைங்களப் பாருங்க லா."

சொல்லும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அது போதாதா? ரப்பர் விலை படுத்துக் கிடந்த காலம். சாஆ கடைத்தெருவில் பழைய இரும்புக்கு ஆள் இருந்தது. வித்துத் தின்னுட்டான் பாவி என்று முடிவு கட்டினாள். தொட்டி சாய்ந்தால் பிள்ளைகள் மேல்தானே விழும்! தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சிற்றம்பலத்திடம் போய்ச் சொன்னாள். "பாப்பம், பாப்பம்" என்றார் அந்த யாழ்ப்பாணத்துக்காரர். இவருக்கும் பங்கு போகிறதோ என்று நினைத்துக்கொண்டே திரும்பினாள்.

சில வாரம் கழித்து ஒரு காலை, கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். தூளிகள் ஆடிக்கொண்டிருந்தன. காற்றில்லை, ஆட்டிவிட ஆளும் இல்லை. எல்லாத் தூளியும் ஒரே பக்கமாகப் போய் ஒரே பக்கமாக வந்தன. கங்காணி வேலையோ என்று கதவுக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தாள். அப்போது வெளியே, தொட்டியின் விளிம்பிலிருந்து தண்ணீர் தளும்பி ஊற்றியது. கால்கள் முனகின.

"அலமாக்! ஓடுங்க! மரத்துப் பக்கம் ஓடுங்க!"

நடக்கிற பிள்ளைகளை விரட்டிவிட்டு, கைக்குழந்தைகளை அள்ளி அள்ளிக் கொண்டுபோய்ப் புல்லில் கிடத்தினாள். கடைசிக் குழந்தையோடு வெளியே வரும்போது கொட்டகைப் பக்கத்துக் கால்கள் இரண்டும் மடங்கின. தொட்டி கொட்டகையின் கூரையைப் பிய்த்துக்கொண்டு அடுப்படி மேல் விழுந்தது. நல்ல வேளை, ஒரு பிள்ளைக்கும் சிராய்ப்புக்கூட இல்லை.

கிராணி மூச்சிரைக்க ஓடி வந்தார். கங்காணியும் வந்தான்.

"சுமத்திராப் பக்கம் நிலம் நடுங்கியிருக்கும், அதுதான் இஞ்சையும் ஆடியிருக்கு" என்றார் கிராணி. "தொட்டி சும்மா நிக்கேக்கை கால் போதும். ஆடேக்கை குறுக்குக் கம்பிதான் காலை இழுத்துப் பிடிக்கும். நீ சொன்னதை நான் கேட்டிருக்கோணும். அந்தக் கம்பியளை ஆர் எடுத்தது?"

இதற்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தாள்! கையை நீட்டிக்கொண்டு கங்காணி பக்கம் திரும்பினாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் பார்த்தாள்.

கூரை போய் வெயில் உள்ளே அடித்தது. வெறும் தூளிகள் தொங்கின. தூளிக் கயிறு உரசி உரசிச் சட்டத்தில் தார் தேய்ந்திருந்த இடமெல்லாம் சிவப்புச் சாயம் தெரிந்தது. விழுந்து கிடந்த தொட்டிக் கால்களிலும் அதே சிவப்பு. சட்டத்தின் முனையில், தொட்டிக் காலோடு முடுக்குகிற மரை.

"தோட்டத்துத் துரை ஒரு ஆணிகூடத் தர மாட்டேன்னுட்டாரு" என்று முணுமுணுத்தான் ஐயாசாமி. "இவங்க தெனமும் கத்துனாங்க."

வெட்டுக் காட்டிலிருந்து தாய்மார்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடி வருவது கேட்டது. கிருஷ்ணம்மாவின் நீட்டிய கை இறங்கியது.

"எடுத்தது அவரு, கிராணி ஐயா" என்றாள். "கேட்டு வாங்குனது நான்."

பிறகு உள்ளே போய், தூளிகளை அவிழ்க்க ஆரம்பித்தாள்.