எனக்கென்று சிவப்பு அடித்த டம்பெல்கள்

“அவரு புடிச்ச கம்பிய நான் புடிக்கணுமா மாஸ்டர்? வீட்ல ரெண்டு புள்ளைங்கள வச்சிருக்கேன்!”

“மெதுவா பேசுங்க சார். உள்ளதான் மூஞ்சி கழுவிட்டு இருக்காரு.”

“கழுவட்டும். நல்லா கேக்கட்டும். வேர்வை சொட்டச் சொட்ட அந்த பெஞ்சுல படுத்து எந்திரிச்சுப் போறாரு. அதே பெஞ்சுல நான் போய்ப் படுக்கணுமா? எனக்கென்ன தலையெழுத்தா?”

“டாக்டர் சொல்லித்தான் வர்றாராம் சார்.”

“டாக்டருக்கென்ன? அவரா வந்து படுக்கப்போறாரு?”

இதற்கு யாரோ இரண்டு பேர் சிரித்தார்கள். ஜிம்மின் குளியலறைக்குள் முகம் முழுக்க சோப்போடு, கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தேன். பேச்சு என்னைப் பற்றித்தான். கண் எரிந்ததற்குக் காரணம் சோப்பு. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

கத்தியவர் வீடு, மனை வாங்கி விற்கும் தரகர். சமாதானம் சொன்னவர் ஜிம்மை நடத்தும் மாஸ்டர். சிரித்ததில் ஒருவன் புல்டோசர். அது அவன் அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. ஆனால் அவனைப் பார்த்தவர்கள் வேறு பெயர் வைக்க மாட்டார்கள். முப்பது வயதுக்காரன். உடல் அழகுப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். கழுத்து என்ற ஒன்று அவனுக்குக் கிடையாது. தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கும்.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. பல வருடமாக இருக்கிறது. எப்படி வந்தது என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். சர்க்கரை வந்தவனிடம், எந்தக் கடையில் இனிப்பு தின்றாய் என்று விசாரிக்கிறோமா? மாத்திரையை ஒரு நாளும் விட்டதில்லை. ரத்தப் பரிசோதனையில் வைரஸ் கண்ணுக்கே தட்டுப்படாத அளவுக்கு அடங்கிக் கிடக்கிறது. மனைவிக்கு அது வரவில்லை, இனி என்னிடமிருந்து வரவும் வராது.

ஆனால் ஆரம்ப காலத்து மாத்திரைகள் என் உடம்பைப் பிசைந்த மாவு மாதிரி இடம் மாற்றி வைத்துவிட்டன. கன்னம் ஒட்டி, கை கால் குச்சியாகி, இருந்த கொழுப்பெல்லாம் வயிற்றுக்கு வந்து சேர்ந்தது. கூடவே சர்க்கரை எட்டிப் பார்த்தது. நான் வேலை செய்வது பெயிண்ட் கடையில். ஒருநாள் கீழ்த்தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுக்கக் குந்தினேன். எழுந்திருக்க முடியவில்லை. கால் கேட்கவில்லை. வாடிக்கையாளர் முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டு, ஏதோ தேடுகிறவன் மாதிரி தட்டைத் துழாவிக்கொண்டே இருந்தேன். அவர் போன பிறகு தட்டைப் பிடித்துத் தொங்கித்தான் எழுந்தேன்.

என் டாக்டரம்மா சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை.

“வைரஸப் பத்திக் கவலைப்படாதீங்க, அது தூங்குது. இனிமே உங்கள ஆட்டி வைக்கப்போறது சர்க்கரை, கொழுப்பு, கரையற சதை. இதே நோய் இருக்கறவங்களுக்கு மத்தவங்களவிட கொஞ்சம் சீக்கிரமாவே இதெல்லாம் வருது. நடந்தா மட்டும் போதாது. எடை தூக்குங்க.”

“இந்த வயசுலயா டாக்டர்?”

“இந்த வயசுலதான். சதைதான் சக்கரைய வாங்கி எரிக்கிற அடுப்பு. அடுப்பே இல்லாட்டி எங்க எரியும்?”

அப்படித்தான் ஜிம்மில் சேர்ந்தேன். சேரும்போது மாஸ்டர் என் தோளில் கை போட்டுக் கேட்டார்.

“அண்ணே, என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க? ஒளிக்காம சொல்லுங்க. டாக்டர்கிட்டயும் மாஸ்டர்கிட்டயும் பொய் சொல்லக் கூடாது.”

சொன்னேன். எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் என்றார். அவருடைய அகராதியில் ரகசியம் என்றால் ஊர் முழுக்கச் சொல்வது, ஆனால் ஒவ்வொருவராகத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது. இரண்டு மாதம் தாங்கியதே பெரிது.

அந்த இரண்டு மாதத்தில் என் தொடைக்கு உயிர் வந்திருந்தது. கடையில் கீழ்த்தட்டுக்குக் குந்தி, கையில் டப்பாவோடு, எதையும் பிடிக்காமல் எழுந்தேன். வீட்டில் அதைச் செய்து காட்டினேன். என் மனைவி, “டப்பாவுக்கு பதிலா அந்த அரிசி மூட்டைய நகத்தி வைங்க, பாக்கலாம்” என்றாள். நகர்த்தினேன். சர்க்கரையும் இறங்க ஆரம்பித்திருந்தது. அதனால்தான் சோப்பைக் கழுவிவிட்டு வெளியே வந்தபோது ஒருவரையும் எதுவும் கேட்கவில்லை. சண்டை போட்டுவிட்டுப் போவது சுலபம். குந்தினால் எழுந்திருக்க வேண்டுமே.

மாஸ்டர் ஒரு தீர்ப்பு சொன்னார். நான் வரலாம். ஆனால் எனக்குத் தனி டம்பெல்கள், மூலையில் தனி பெஞ்சு, தொட்டதையெல்லாம் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டுப் போக வேண்டும்.

“தப்பா நெனைக்காதீங்கண்ணே. எனக்கு எல்லாம் தெரியும். மத்தவங்க மனசுக்காகத்தான்.”

எனக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லிவிட்டு அவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தோளில் கை போட்ட காலம் அதோடு முடிந்தது.

மறுநாள் என் டம்பெல்களுக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும். அடித்த லட்சணத்தைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது. துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவில்லை. பிரைமர் இல்லை. வேர்வைப் பிசுக்கு ஏறிய இரும்பின் மேல் அப்படியே எனாமலை அப்பியிருந்தார்கள். ஒருவனை ஒதுக்கி வைக்கிற வேலையைக்கூட உருப்படியாகச் செய்யத் தெரியாத ஜென்மங்கள்.

நான் நினைத்தபடியே, பிசுக்கின் மேல் சரியாகக் காயாத பெயிண்ட் ஒரு வாரத்தில் உரிந்து கையில் ஒட்ட ஆரம்பித்தது. ஒரு சாயங்காலம் தரகர் கண்ணாடி முன்னால் நின்று இல்லாத மார்பைப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை இரண்டும் சிவப்பு. ஆளில்லாத நேரத்தில் என் டம்பெல்லைத்தான் தூக்கியிருக்கிறார். மற்றதெல்லாம் அவருக்குக் கனம்.

“சார், கையில என்ன?” என்றேன்.

பார்த்தார். முகம் வெளிறியது. குழாயடிக்கு ஓடினார், தேய்த்தார் தேய்த்தார், தோலே வந்துவிடும்போல. எனாமல் தண்ணீருக்குப் போகுமா?

“டர்பன்டைன் போட்டா போயிடும் சார். எங்க கடையில கிடைக்கும்.”

அவர் அதற்குப் பிறகு என்னிடம் பேசியதில்லை. அதற்கு முன்னாலும் பேசியதில்லை, அதனால் நஷ்டம் எதுவும் இல்லை.

இதெல்லாம் சில்லறைக் கூத்து. சொல்ல வந்த விஷயம் வேறு.

ஒருநாள் துடைப்பதற்கு ஸ்பிரிட் தீர்ந்துபோயிருந்தது. புது பாட்டில் பின்னறையில் இருக்கும் என்று தெரியும். பழைய ரப்பர் பாய்களை அடுக்கி வைக்கும் அறை அது. கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. தள்ளினேன்.

புல்டோசர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தான், டிரவுசர் பாதி இறங்கியபடி. அவன் கூட்டாளி ஊசி போட்டுக்கொண்டிருந்தான். சதை ஏற்றுகிற ஊசி. போட்டி நெருங்கினால் இந்தக் கூட்டம் அதைப் போட்டுக்கொள்ளும் என்று அரசல் புரசலாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். போட்டு முடித்து ஊசியை உருவினான், ஒரு டம்ளர் வெந்நீரில் இரண்டு முறை உறிஞ்சிப் பீச்சினான், அதே ஊசியில் அடுத்த மருந்தை ஏற்றிப் பக்கத்தில் நின்ற இன்னொருவனிடம் கொடுத்தான். கொடுத்துவிட்டு, தன் முறைக்காக அவனுக்கு முதுகைக் காட்டி நின்றான். கோவிலில் தீர்த்தம் வாங்குகிற பக்தி அவன் முகத்தில். மாஸ்டர் ஒரு பாய்க் கட்டின் மேல் உட்கார்ந்து, வெந்நீர் ஆறாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஸ்பிரிட்டு வேணும்” என்றேன்.

“எடுத்துக்கிட்டு கதவ சாத்துங்கண்ணே” என்றார் மாஸ்டர். எதையோ மறைக்க வேண்டும் என்ற எண்ணம்கூட அவருக்கு இல்லை.

ஊசியைப் பார்த்துச் சல்லடை சொன்னதாம், உனக்கு ஒரு ஓட்டை இருக்கிறதென்று. நான் பிடித்த இரும்பைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிற வீரர்கள், ரத்தம் பட்ட ஊசியை அண்ணன் தம்பி பாசத்தோடு பங்கு போட்டுக்கொள்கிறார்கள். என் நோய்க்கு ராஜபாட்டை போட்டு, வாசலில் தோரணம் கட்டி வைத்துவிட்டு, என் வேர்வையைத் துடைக்கிறார்கள்.

அன்று வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

“நீங்க ஏதாச்சும் சொன்னீங்களா?”

“இல்ல. சொன்னா வெளிய தள்ளிடுவாங்க.”

“தள்ளுவாங்க” என்றாள். கொஞ்ச நேரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். “சொல்லாட்டி?”

“தள்ள மாட்டாங்க.”

“அத கேக்கல.”

அவள் கேட்டது எனக்குப் புரிந்துதான் இருந்தது.

நான் பெரிய மனசுக்காரன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த மூஞ்சிகளின் மேல் எனக்கு ஒரு துளி இரக்கமும் கிடையாது. என் யோசனை வேறு. நான் மாத்திரை வாங்கப் போகிற இடத்தில் ஒரு பெஞ்சு உண்டு. அங்கே உட்காருகிறவர்கள் மரியாதையானவர்கள், தொணதொணக்க மாட்டார்கள். அந்த பெஞ்சில் இந்தக் கூட்டம் வந்து உட்கார்ந்து, மார்பைப் பற்றியும் முட்டை வெள்ளைக்கருவைப் பற்றியும் பேசுவதை ஆயுசு முழுக்க நான் கேட்க வேண்டுமா? அதைவிடச் சொல்லிவிடுவதே மேல்.

மறுநாள் எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன்.

“மாஸ்டர், கம்பி புடிச்சா இது வராது, வேர்வைல வராது, பெஞ்சுல வராது. ஒரே ஊசிய நாலு பேர் போட்டுக்கிட்டா வரும். வெந்நீர்ல பீச்சினா போகாது. மஞ்சக்காமாலையும் சேந்து வரும். ஊசி போட்டவங்க எல்லாரும் போய் ரத்தம் குடுத்துப் பாருங்க. அந்த ஊசியும் வேண்டாம், அது வேற கெடுதல்.”

முதலில் வாயைத் திறந்தது தரகர். அவர் ஊசி போடுகிறவர் இல்லை. அவர் உடம்பில் ஊசி குத்தச் சதை வேண்டுமே.

“பாத்தீங்களா? நான் அன்னிக்கே சொன்னேன்ல? இவரு வந்தப்புறம்தான் இங்க இந்தப் பேச்சே வருது!”

“ஆமாண்ணே,” என்றார் மாஸ்டர், நிம்மதியாக. பழி போட ஒரு ஆள் கிடைத்த நிம்மதி. “நாங்க வருஷக்கணக்கா போடறோம், யாருக்கும் ஒண்ணும் வரல. அபசகுனமா பேசாதீங்க. நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்.”

“என் பையன்கள பயமுறுத்தறாரு” என்று யாரிடமோ சொன்னார். முப்பது வயதுத் தடியன்கள், பையன்களாம்.

நான் என் துண்டை எடுத்துக்கொண்டேன். போகும்போது சிவப்பு டம்பெல் ஒன்றைத் தரகர் பக்கம் காலால் உருட்டிவிட்டேன். அவர் துள்ளிய துள்ளலுக்கு எந்தப் போட்டியிலும் பரிசு தருவார்கள்.

பத்து நாள் கழித்துப் புல்டோசர் கடைக்கு வந்தான். வெள்ளை பெயிண்ட் வேண்டும் என்றான்.

“எந்த வெள்ளை? உள்சுவருக்கா, வெளிச்சுவருக்கா?”

“ஏதோ ஒண்ணு அண்ணே.” கடையில் வேறு ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டான். “தூங்கவே முடியல. எங்க போய் ரத்தம் குடுக்கணும்?”

“அன்னிக்கு சிரிச்சியே, தரகர் பேச்சுக்கு.”

“சிரிச்சேன்” என்றான். மன்னிப்பு என்ற வார்த்தை அவன் வாய்க்கு வரவில்லை, நானும் அதற்காகக் காத்திருக்கவில்லை.

அழைத்துக்கொண்டு போனேன். ரத்தம் எடுக்கிற நர்சு ஊசியை உறையிலிருந்து பிரித்ததுமே கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். பின்னறையில் சுவரைப் பார்த்து நின்றவன்தான். என் பெஞ்சில், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முடிவுக்காகக் காத்திருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. முட்டையைப் பற்றிக்கூட.

இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். சில வாரம் கழித்து மறுபடி பார்த்தால்தான் உறுதி. வெளியே வந்ததும் மூச்சு விட்டான்.

“அண்ணே, நான் இங்க வந்தத மாஸ்டர்கிட்ட சொல்லிடாதீங்க.”

“பயப்படாத. நான் மாஸ்டர் இல்ல.”

அந்த ஜிம்மில் இப்போது ஆளுக்கொரு ஊசி என்று அவன் சொல்லித்தான் தெரியும். ஊசியை நிறுத்தவில்லை, பிரித்துக்கொண்டார்கள். இவர்களுக்கு இதுவே பெரிய ஞானம். கூட்டாளிகள் இரண்டு பேரும் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் தெரியாமல், போய்ப் பார்த்துவிட்டு வந்தார்களாம். என்னை மறுபடி கூப்பிடலாமே என்று இவன் மாஸ்டரிடம் கேட்டிருக்கிறான். “தரகர் ஒத்துக்க மாட்டாரு” என்றாராம் மாஸ்டர். டம்பெல்களுக்குக் கறுப்பு அடித்துவிட்டார்கள். பிரைமர் இல்லாமல்தான்.

நான் கடையிலேயே பெயிண்ட் வாளிகளைத் தூக்கிப் பழகுகிறேன். கைக்குப் போதும். தொடைக்கும் முதுகுக்கும் போதவில்லை. போன வாரம் கீழ்த்தட்டில் குந்தி எழும்போது ஒரு கை தட்டைத் தேடியது. டாக்டரம்மா, “விட்டா மறுபடி கரைஞ்சிடும், வேற இடம் பாருங்க” என்கிறார். பார்த்தேன். இரண்டு இடத்தில் மாத்திரை பற்றிக் கேட்டார்கள், உண்மையைச் சொன்னேன், இடம் இல்லை என்றார்கள். பொய் சொன்னால் இடம் இருக்கும்.

அதனால் இங்கே எழுதுகிறேன். இதைப் படிக்கிறவர்களில் ஜிம் நடத்துகிறவர்கள், ஜிம்முக்குப் போகிறவர்கள் இருப்பீர்கள். நான் உங்கள் ஜிம்முக்கு வந்து, உண்மையைச் சொல்லிவிட்டு, எல்லோரும் தூக்குகிற அதே கம்பியைத் தூக்கினால் சேர்த்துக்கொள்வீர்களா? சேர்ப்போம், சேர்க்க மாட்டோம், இரண்டில் ஒன்றைக் கீழே எழுதுங்கள். “எங்களுக்கு எல்லாம் தெரியும், மற்றவர்கள் மனசுக்காகத்தான்” என்று மட்டும் எழுதாதீர்கள். அதைக் கேட்டாகிவிட்டது. சேர்ப்போம் என்கிறவர்கள் எந்தத் தெரு, காலையில் எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்றும் எழுதுங்கள். துண்டும் தண்ணீர் பாட்டிலும் நானே கொண்டுவருகிறேன்.