செருப்புக் காவல்

கசூரினாக் கடற்கரைக்கு வந்தால் எனக்கென்று ஓர் உத்தியோகம் உண்டு. சீமெந்துத் தரை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில், சவுக்கு மரத்துக்குக் கீழே என் சக்கரக் கதிரையை நிறுத்துவார்கள். மடியில் துவாய், போன், கதலிப்பழச் சீப்பு. காலடியில் எல்லாருடைய செருப்பும். பிறகு குடும்பமே கடலுக்குப் போய்விடும். இடுப்புக்குக் கீழே உணர்வு போன நாள் தொட்டு இந்தக் காவல்தான். சம்பளம், திரும்பி வரும்போது ஆளுக்கொரு ‘பாவம் அக்கா’.

அன்றைக்கும் தங்கை வினோஜா பையை என் மடியில் வைத்துவிட்டுச் சுடிதார்க் காலை மடித்துவிட்டாள். அவள் புருசன் சுபாஸும் பிள்ளைகளும் ஏற்கெனவே தண்ணீருக்குள் நின்றார்கள்.

“பாத்துக்கொள்ளக்கா. கெதியா வந்திடுவம்.”

“நானும் வாறன்.”

அவள் என்னைப் பார்க்காமல் மணலைப் பார்த்தாள். “மண்ணுக்கை சில்லு புதையுமக்கா. போனமுறை பட்ட பாடு தெரியுந்தானே. பிறகு சாமானை ஆர் பாக்கிறது?”

அந்தக் கடைசிக் கேள்விதான் சுட்டது. நான் கடலுக்குப் போனால் செருப்புக்கு ஆளில்லை. எனக்கு வந்த கோபத்தில் அழுகையும் கொஞ்சம் கலந்திருந்தது. ஆனால் இந்த முறை நான் சும்மா வரவில்லை. திருவிழா முடிந்த பின்னேரங்களில் எங்கள் நீர்வேலிக் கோயில் வீதி மணலில் கதிரையை முன்னும் பின்னுமாக உருட்டிப் பார்த்திருந்தேன். முன்னுக்குத் தள்ளினால் சின்னச் சில்லு மண்ணைக் கிண்டிக்கொண்டு இறங்கிவிடும். பின்பக்கமாக இழுத்தால் பெரிய சில்லு எப்படியோ ஏறி வந்துவிடும்.

“தள்ளாதை. என்னைத் திருப்பிப்போட்டு இழு. செருப்பெல்லாத்தையும் மடியிலை தா.”

“விழுந்தியெண்டால்?”

“மண்தானே. விழுந்தா எழுப்பு.”

அவள் பையை என் மடியிலிருந்து எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்புகளைப் பொறுக்கி என் மடியில் போட்டாள்.

இழுத்தாள். நின்று மூச்சு வாங்கினாள். மறுபடி இழுத்தாள். கடல் என் முதுகுக்குப் பின்னால் எங்கோ இருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் விலகிப் போகும் சவுக்கு மரமும், அதன் கீழிருந்து எங்களைத் தொடர்ந்து வந்த இரண்டு சில்லுத் தடங்களும்தான். இத்தனை வருடம் நான் காவலிருந்த இடத்தை அன்றுதான் தூரத்திலிருந்து பார்த்தேன்.

ஈர மணல் வந்ததும் கதிரை இலேசாகியது. வினோஜாவின் காலடியில் சளசளவென்று சத்தம் கேட்டது.

“அக்கா, வந்திட்டம்.”

காலில் ஈரம் எனக்குத் தெரியாது. கையைத் தொங்கவிட்டேன். தண்ணீர் இளஞ்சூடாக விரல்களுக்குள் வந்து போனது. எனக்குச் சிரிப்பு வந்தது.

“இன்னும் இழு.”

இழுத்தாள். சின்ன அலையொன்று மடிவரை ஏறி இறங்கியது. சுபாஸின் ஒற்றைச் செருப்பு நழுவி, மிதந்து, கரைப்பக்கமாகப் போகத் தொடங்கியது. எட்டினால் பிடிக்கலாம். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.